கூரையில் பேனல், தெருவில் ஈ.பி. கம்பி: வாசகர் கேள்வி பதில்

மின்வாரியத்தில் லைனிலும் பிரிவு அலுவலகத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது மஞ்சக்குப்பத்தில் இருக்கும் பொறியாளர் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே விஷயம்தான்: வீட்டு மாடியில் சோலார் போட்டால் அதை ஈ.பி. லைனோடு இணைப்பதில் சட்டம் என்ன சொல்கிறது? கடலூர் பக்கமிருந்தும் புதுச்சேரி பக்கமிருந்தும் கேட்டிருக்கிறார்கள்.

கே: மூன்று கிலோவாட் சோலாருக்கு விண்ணப்பித்து ஒரு மாதம் தாண்டிவிட்டது. “உங்க டிரான்ஸ்பார்மர்ல இடமில்ல, ஃபீசிபிலிட்டி வரல, கொஞ்சம் தனியா செலவு பண்ணணும்” என்கிறார் பேனல் போடும் கான்ட்ராக்டர். கொடுக்கலாமா?
(ஓய்வு பெற்ற ஆசிரியை, திருப்பாதிரிப்புலியூர்)

ப: டீச்சரம்மா, பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும். 10 கிலோவாட் வரையிலான கூரை சோலாருக்கு ‘சாத்திய ஆய்வு’ (கான்ட்ராக்டர் சொல்லும் ஃபீசிபிலிட்டி, லைன் தாங்குமா என்று பார்ப்பது) என்ற கட்டமே இப்போது கிடையாது. மத்திய அரசு 2020 டிசம்பர் 31-ல் மின் நுகர்வோர் உரிமைகள் விதிகளைக் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியில் அதைத் திருத்தியபோது, 10 கிலோவாட் வரைக்குமான விண்ணப்பம் முறையாக இருந்தால் ஆய்வு எதுவும் இல்லாமலேயே ஏற்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். உங்கள் இணைப்புக்கு அனுமதித்த மின்பளு (சேங்ஷன் லோடு) போதவில்லை என்றால் அதைக் கூட்டித் தர வேண்டியதும் மின் பகிர்மான நிறுவனத்தின் வேலை. டிரான்ஸ்பார்மரையோ லைனையோ பலப்படுத்த வேண்டி வந்தால், 5 கிலோவாட் வரை அந்தச் செலவும் அவர்களுடையது. 10 கிலோவாட்டுக்கு மேலே போனால் ஆய்வு உண்டு, அதற்கும் 15 நாள்தான் கெடு. அதற்குள் பதில் வராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே அர்த்தம்.

பேனல் பொருத்தி முடித்து, பொருத்திய சான்றைக் கொடுத்த பிறகு ஒப்பந்தம், மீட்டர், இணைப்பு எல்லாம் சேர்ந்து 15 நாளுக்குள் முடிய வேண்டும். முன்பு இது 30 நாளாக இருந்தது.

இதெல்லாம் இருக்க, சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்ற கதை ஏன் நடக்கிறது? நான் பார்த்த வரையில், நிற்கிற விண்ணப்பங்களில் பல ஈ.பி. ஆபீசில் நிற்பதில்லை, கான்ட்ராக்டரின் லேப்டாப்பில் நிற்கின்றன. அவர் உங்கள் பெயரில் பதிவு செய்த மொபைல் எண் யாருடையது என்று முதலில் கேளுங்கள். அவருடைய எண்ணாக இருந்தால் ஓ.டி.பி. எல்லாம் அவருக்கே போகும், விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. மத்திய அரசின் கூரை சோலார் மானியத் திட்டமான பி.எம். சூர்ய கர் தளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து, உங்கள் விண்ணப்ப எண்ணை நீங்களே பாருங்கள்.

இன்னொன்று, உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: “மீட்டர் என் கணவர் பெயரில் இருக்கிறது, அவர் காலமாகி ஆறு வருடம்.” முடிச்சு அங்கேதான் இருக்கிறது. சர்வீஸ் அவர் பெயரில், ஆதாரும் வங்கிக் கணக்கும் உங்கள் பெயரில். மானியம் வரும்போது பெயர் ஒத்துப்போகாது, விண்ணப்பம் திரும்பும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது எடுத்துக்கொண்டு போய் முதலில் பெயர் மாற்றத்துக்குக் கொடுங்கள். நம் ஊர்களில் தாத்தா பெயரிலேயே கரண்ட் பில் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் எத்தனை என்று எண்ணி மாளாது. சாதாரண நாளில் அது ஒரு தொல்லையும் இல்லை, சோலார் போடும்போதுதான் தாத்தா எழுந்து வருவார்.

கே: மாநில அரசு சோலார் கொள்கை அறிவிக்கிறது, மத்திய அரசு விதி போடுகிறது, ஒழுங்குமுறை ஆணையம் ஓர் ஆணை போடுகிறது. எதைக் காட்டி நான் ஆபீசில் பேசுவது? என் மைத்துனர் 2016-ல் போட்டார், நான் 2020-ல் போட்டேன். அவருக்கு ஒரு கணக்கு, எனக்கு ஒரு கணக்கு.
(நெல்லிக்குப்பம்)

ப: கொள்கை வேறு, சட்டம் வேறு. 2012-ல் தமிழ்நாடு அரசு சோலார் கொள்கை வெளியிட்டது, 2015-க்குள் 3000 மெகாவாட் என்றது. 2019-ல் புதிய கொள்கை வந்தது, 2023-க்குள் 9000 மெகாவாட், அதில் 40 சதவீதம் நுகர்வோர் தரப்பில் என்றது. இவை அரசு எந்தத் திசையில் போக நினைக்கிறது என்பதைச் சொல்லும் தாள்கள். அதை ஏ.இ. (உதவிப் பொறியாளர்) மேசையில் வைத்து, “இதன்படி கொடு” என்று கேட்டால் அவர் சிரிப்பார். சிரிப்பதற்கு அவருக்கு உரிமையும் உண்டு.

கட்டுப்படுத்தும் சங்கிலி இப்படிப் போகிறது. மின்சாரம் அரசமைப்பின் பொதுப்பட்டியலில் 38-வது இனம். அதனால் டெல்லிக்கும் சென்னைக்கும் இரண்டுக்கும் பங்கு. 2003 மின்சாரச் சட்டத்தின் 86-வது பிரிவு, மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் வேலைகளைச் சொல்கிறது. புதுப்பிக்கத்தக்க எரிசக்தி உற்பத்தியை வளர்க்க, அதை லைனோடு இணைக்கவும் விற்கவும் ஏற்ற ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அதில் ஒரு கடமை. 181-வது பிரிவின் கீழ் ஆணையம் ஒழுங்குமுறை வகுக்கிறது. நீங்கள் கையில் வைத்துப் பேச வேண்டியது அந்த ஒழுங்குமுறையும், முதல் பதிலில் சொன்ன மத்திய விதிகளும்தான்.

உங்கள் மைத்துனர் விஷயம் இது. அவர் போட்டபோது நெட் மீட்டரிங், அதாவது தெருவிலிருந்து எடுத்ததில் தெருவுக்குக் கொடுத்ததை யூனிட்டுக்கு யூனிட் கழித்தார்கள். 2019-ல் ஆணையம் முறையை மாற்றியது: நீங்கள் எடுக்கிற யூனிட்டுக்கு ஒரு விலை, கொடுக்கிற யூனிட்டுக்கு அதைவிடக் குறைந்த ஒரு விலை. நீங்கள் போட்டது அந்த இடைப்பட்ட காலத்தில். 2021 அக்டோபரில் வந்த ஆணையில் வீட்டு இணைப்புகளுக்கு நெட் மீட்டரிங் திரும்ப வந்தது. உங்கள் ஒப்பந்தத்தில் எந்த முறை என்று எழுதியிருக்கிறது பாருங்கள். அந்த இரண்டு விலை முறை என்றால் நெட் மீட்டரிங்குக்கு மாற்றக் கேட்டு எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். வாயால் கேட்டதற்கு எந்தக் கெடுவும் ஓடாது.

மூன்று வருடத்தில் இரண்டு முறை ஆட்டத்தின் விதியை மாற்றினால் மக்கள் எந்த நம்பிக்கையில் இரண்டு லட்சத்தை மாடியில் கொண்டுபோய்ப் போடுவார்கள்? வேலையில் இருந்தபோது இதை உரக்கச் சொல்ல முடியாது. இப்போது சொல்கிறேன்.

கே: ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. மாடியில் 3 கிலோவாட் பேனல் பளபளவென்று இருக்கிறது, வீட்டில் ஒரு ஃபேன்கூட ஓடவில்லை. எதிர்வீட்டில் பழைய பேட்டரி இன்வெர்ட்டரில் விளக்கு எரிகிறது. எங்களை ஏமாற்றிவிட்டார்களா?
(பாகூர்)

ப: ஏமாற்றவில்லை, சொல்லாமல் விட்டுவிட்டார்கள். விற்கும்போது “இனிமே கரண்ட் போற பிரச்சினையே இல்ல சார்” என்று யாராவது சொல்லியிருந்தால், அது மட்டும் ஏமாற்று.

உங்களிடம் இருப்பது லைனோடு சேர்ந்து ஓடும் இன்வெர்ட்டர். தெருக் கம்பியில் மின்னழுத்தம் இருக்கிறதா, அதிர்வெண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஓடும். லைன் செத்தால் அதுவும் நிற்க வேண்டும். மத்திய மின்சார ஆணையம் 2013-ல் போட்ட தொழில்நுட்ப விதிகள் இதை அளவு போட்டுச் சொல்கின்றன. மின்னழுத்தம் வழக்கமான அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனாலும் 110 சதவீதத்துக்கு மேலே போனாலும் இரண்டு விநாடிக்குள் விலக வேண்டும். அதிர்வெண் 47.5-க்குக் கீழோ 50.5 ஹெர்ட்ஸுக்கு மேலோ போனால் 0.2 விநாடிக்குள் விலக வேண்டும். லைன் திரும்ப வந்ததும் உடனே ஒட்டிக்கொள்ளக் கூடாது, குறைந்தது 60 விநாடி லைன் நிலையாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் சேர வேண்டும். கரண்ட் வந்தபிறகும் இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் சும்மா மினுக்கிக்கொண்டிருக்கிறதே, அது இதற்குத்தான்.

ஏன் இவ்வளவு கறார்? 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரை கடந்தபோது கடலூரில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கம்பம் என்று நிமிர்ந்து நின்றது குறைவு. வெளி மாவட்டங்களிலிருந்து லாரி லாரியாக ஆட்கள் வந்தார்கள். ஊர் தெரியாது, லைன் எங்கே போகிறதென்று தெரியாது. அந்த மாதிரி வேலையில் எல்.சி. (லைனை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதி) வாங்கி, கம்பத்தில் லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, எர்த் ராடை மூன்று கம்பியிலும் மாட்டிய பிறகுதான் கம்பத்தில் கால் வைப்பது. அப்படியும் பயம் போகாது. காரணம் மேலே இருந்து வரும் கரண்ட் இல்லை, கீழே வீடுகளிலிருந்து திரும்பி வரும் கரண்ட். யாரோ ஒருவர் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துவந்து, இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரை ஹாலில் இருக்கும் பிளக் பாயிண்டில் செருகிவிடுவார். மெயினை இறக்க மறந்திருப்பார். அந்த 230 வோல்ட் சர்வீஸ் ஒயர் வழியாக டிரான்ஸ்பார்மருக்குப் போய், மறுபக்கம் 11,000 வோல்ட்டாக ஏறி நிற்கும். செத்த லைன் என்று நினைத்துக் கம்பத்தில் இருப்பவன் கையில் அது வரும். மாடிக்கு மாடி சோலார் வந்த பிறகு, லைன் செத்தும் பேனல்கள் நிற்காமல் தள்ளினால் ஒவ்வொரு வீடும் அந்த ஜெனரேட்டர் வீடுதான். உங்கள் இன்வெர்ட்டர் அணைந்து போனது உங்கள் தெருவுக்கு வந்த வயர்மேனுக்காக.

கரண்ட் போனாலும் ஓட வேண்டும் என்றால் வழி இருக்கிறது. பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர். லைன் செத்ததும் அது தெருவைத் துண்டித்துவிட்டு, வீட்டில் தனியாகப் பிரித்த ஒரு சர்க்யூட்டுக்கு மட்டும் கொடுக்கும்: நாலு விளக்கு, இரண்டு ஃபேன், ஃபிரிட்ஜ், மொபைல் சார்ஜ். மோட்டாரையும் ஏ.சி.யையும் அதில் சேர்க்கச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். மத்திய மானியம் பேனலின் கிலோவாட்டுக்குத்தான், பேட்டரிக்குத் தனியாகக் கிடையாது என்பதையும் கணக்கில் வையுங்கள். புயல் எப்போதோ ஒரு முறை வருகிறது, பேட்டரி வருஷம் முழுக்கக் கிழடாகிக்கொண்டே இருக்கும். வீட்டில் ஆக்சிஜன் மிஷினோ, இன்சுலின் வைத்த ஃபிரிட்ஜோ இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் எதிர்வீட்டுக்காரர் மாதிரி ஒரு சாதாரண இன்வெர்ட்டர் போதும், சோலாரோடு கலக்காமல்.

கே: ஆப்பில் மாதம் 360 யூனிட் உற்பத்தி என்று காட்டுகிறது. மீட்டரில் ஏற்றுமதி 210 தான். மீதி 150 யூனிட்டை யார் தின்றது?
(லாஸ்பேட்டை)

ப: நீங்கள்தான். பகலில் வீட்டில் ஓடிய ஃபிரிட்ஜ், மோட்டார், வாஷிங் மெஷின் எல்லாம் பேனலில் இருந்து நேராக எடுத்துக்கொண்டவை அந்த 150. தெருவுக்குப் போனது மட்டும்தான் மீட்டரில் ஏற்றுமதியாக ஏறும். ராத்திரி தெருவிலிருந்து 240 எடுத்திருந்தால் 240-ல் 210 போக உங்களுக்குப் பில் 30 யூனிட். உற்பத்தியையும் ஏற்றுமதியையும் ஒப்பிட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். இறக்குமதி, ஏற்றுமதி இரண்டு ரீடிங்கையும் ஒவ்வொரு மாதமும் போட்டோ எடுத்து வையுங்கள், சண்டை போட வேண்டி வந்தால் அதுதான் ஆதாரம். மீட்டர் மேலேயே சந்தேகம் என்றால், புகார் கொடுத்த 5 நாளுக்குள் கூடுதலாக ஒரு சோதனை மீட்டர் வைத்து, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அதே 2024 திருத்தத்தில் இருக்கிறது.

கே: எனக்கு வீடு முள்ளோடையில். அக்கா வீடு ரெட்டிச்சாவடி பக்கம். இருவரும் ஒரே கான்ட்ராக்டரிடம் ஒரே 3 கிலோவாட் போட்டோம். கணக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்? அக்கா வீட்டு மாடி பெரியது. அங்கே கூடுதலாகப் பேனல் போட்டு என் பில்லில் கழித்துக்கொள்ளலாமா?
(முள்ளோடை)

ப: கடலூர்க்காரர்கள் புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் முள்ளோடைக்கு எதற்கு வருவார்கள் என்று ஊருக்கே தெரியும். கரண்ட் மட்டும் அப்படி எல்லை தாண்டி வராது தம்பி.

உங்களுக்குக் கரண்ட் தருவது புதுச்சேரி அரசின் மின்துறை. அதற்கு விலையும் விதியும் போடுவது கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமான இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம். உட்கார்ந்திருப்பது அரியானாவில் குருகிராமில். நெட் மீட்டரிங்குக்கு 2019-ல் தனி ஒழுங்குமுறை வைத்திருக்கிறார்கள். உங்கள் அக்காவுக்குத் தருவது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம், விதி போடுவது சென்னையில் இருக்கும் தமிழ்நாடு ஆணையம். மத்திய விதிகளும் மானியமும் இரண்டு பேருக்கும் ஒன்று. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக 78,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான்.

பில் பிரிவது இங்கேதான். உங்களுக்கு மாதாமாதம் பில், நிலைக்கட்டணம் உண்டு. மாதத்தில் ஒரு யூனிட்கூடத் தெருவிலிருந்து நிகரமாக எடுக்காவிட்டாலும் அது வரும். அக்காவுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் 2016-லிருந்து இலவசம், வீட்டு இணைப்புக்கான நிலைக்கட்டணத்தை 2022 கட்டண மாற்றத்தில் எடுத்துவிட்டார்கள். அங்கே இரண்டு மாத நிகரம் 100-க்குள் வந்துவிட்டால் யூனிட்டுக்கான கட்டணம் பூஜ்யம். அவருக்குப் பெரிய லாபம் வருவதும் அங்கேதான்: 500 யூனிட்டைத் தாண்டி எகிறும் கட்டணப் படியிலிருந்து (ஸ்லாப்) கீழே இறங்குவது. ஆனால் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டே ஓடாத வீடு கடலூர் பக்கம் சோலார் போடுவதில் எனக்கு அவசரம் தெரியவில்லை. ஏற்கெனவே மலிவாகக் கிடைப்பதை மிச்சப்படுத்த இரண்டு லட்சம் எதற்கு? இதை எழுதினால் கான்ட்ராக்டர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபிக்கட்டும்.

ஒரு இடத்தில் பேனல், இன்னொரு இடத்தில் கழிவு என்ற முறைக்கு மெய்நிகர் நெட் மீட்டரிங் என்று பெயர். டெல்லியில் 2019-லிருந்து வழிகாட்டுதல் இருக்கிறது. ஆனால் அது ஒரே விநியோக நிறுவனத்துக்குள்ளே நடக்கிற கணக்கு. உங்கள் யூனிட் ஒரு நிறுவனத்தின் புத்தகத்தில் ஏறி, இன்னொரு நிறுவனத்தின் புத்தகத்தில் கழிவதற்கு வீட்டு இணைப்பில் வழி இல்லை. இரண்டு பேருமே ஒப்பந்தத்தில் ஒன்றைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்: நிதியாண்டு முடியும்போது மிச்சம் இருக்கும் யூனிட்டுக்கு என்ன நடக்கும் என்று. அது ஆணையத்துக்கு ஆணையம், ஆணைக்கு ஆணை மாறும்.

கே: தினமும் 11 மணியிலிருந்து 2 மணிக்குள் இன்வெர்ட்டர் ‘கிரிட் ஓவர் வோல்டேஜ்’ என்று காட்டி நாலைந்து முறை அணைகிறது. கம்பெனி ஆள் வந்து, “செட்டிங்கை 270-க்கு ஏத்திடலாம்” என்கிறார். சரியா?
(தேவனாம்பட்டினம்)

ப: ஏற்றவே கூடாது. 230-ல் 110 சதவீதம் 253 வோல்ட். அதற்கு மேல் விலக வேண்டும் என்பது விதி. 270-க்கு ஏற்றினால் உங்கள் வீட்டு ஃபிரிட்ஜும் பக்கத்து வீட்டு டி.வி.யும் சேர்ந்து வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

தண்ணீரைக் குழாயில் எதிர்த்திசையில் தள்ள வேண்டுமானால் உங்கள் பக்கம் அழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையா? பேனல் கரண்டைத் தெருவுக்குத் தள்ளும்போது உங்கள் வீட்டு முனையில் வோல்டேஜ் தெருவைவிடக் கொஞ்சம் ஏறும். ஒயர் மெல்லிசாகவோ ஜாயிண்ட் கெட்டுப்போயோ இருந்தால் நிறைய ஏறும். நீங்கள் கடற்கரைக்காரர். கம்பத்தில் அலுமினியக் கம்பியோடு சர்வீஸ் ஒயரின் செம்பை நேராக முறுக்கிவிட்டிருப்பார்கள். உப்புக்காற்றில் அந்த முறுக்கு பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, தொட்டால் உதிரும். ராத்திரி டியூப் லைட்டுக்கு அது போதும். பகலில் 12 ஆம்பியர் எதிர்த்திசையில் போகும்போது அங்கேதான் வோல்டேஜ் ஏறுகிறது, சூடும் அங்கேதான்.

மதியம் இன்வெர்ட்டர் ஓடும்போது இன்வெர்ட்டர் முனையிலும் மீட்டர் முனையிலும் கம்பெனி ஆளை வோல்டேஜ் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவிலேயே நாலைந்து வோல்ட் வித்தியாசம் என்றால் குறை உங்கள் வீட்டு ஒயரிங்கில், அதைக் கனமாக மாற்றுவது கம்பெனி வேலை. மீட்டரிலேயே 250-க்கு மேல் என்றால் ஈ.பி.க்கு எழுதிக் கொடுங்கள்: கம்பத்து ஜாயிண்டைப் புதுப்பிக்கவும், நியூட்ரலைப் பார்க்கவும். அப்படியும் தீராவிட்டால் டிரான்ஸ்பார்மரில் டேப் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் படி) இறக்கலாம். ஒரு டேப் இரண்டரை சதவீதம், அதாவது ஆறு வோல்ட் போல. ஏ.இ. உடனே ஒத்துக்கொள்ள மாட்டார். பகலில் உங்களுக்கு இறக்கினால், சாயங்காலம் எல்லா வீட்டிலும் லோடு ஏறும்போது லைன் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு வோல்டேஜ் விழும். அவர் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது, அதனால் அதைக் கடைசியாகக் கேளுங்கள். 5 கிலோவாட் வரை லைனைப் பலப்படுத்துவது யார் செலவு என்பதை மட்டும் மனுவில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கே: எங்கள் அடுக்ககத்தில் 12 வீடு. மாடி பொது. யார் போடுவது?
(முத்தியால்பேட்டை)

ப: சங்கம் போடலாம். லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு ஆகிய பொது இணைப்புக்கு. மானியம் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், வீட்டுக்கு 3 கிலோவாட் என்ற கணக்கில் உச்சவரம்பு. மாடியில் கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும், தண்ணீர்த் தொட்டி நிழல் விழாத இடமாக. முதலில் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சோலாரை விட அதுதான் கஷ்டம்.

கே: முந்திரித்தோப்பில் எட்டு ஏக்கரைச் சோலாருக்குக் குத்தகைக்குக் கேட்கிறார்கள். 25 வருடம். கையெழுத்துப் போடலாமா? அல்லது நானே மோட்டாருக்குப் போட்டுக்கொள்ளலாமா?
(பண்ருட்டி)

ப: மோட்டாருக்கு ஏற்கெனவே இலவச மின்சாரம் வாங்கும் இணைப்பு என்றால், பில்லில் மிச்சம் என்று ஒன்றும் இல்லை. இணைப்பே இல்லாமல் டீசலில் இறைக்கிறீர்கள் என்றால் பம்ப் மானியத் திட்டத்தைப் பாருங்கள்.

குத்தகைக்கு வருகிறவரிடம் நிலத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் சப்ஸ்டேஷனைப் பற்றிக் கேளுங்கள். எந்த சப்ஸ்டேஷன், எத்தனை கிலோமீட்டர், அதில் இணைப்புக்கு எழுத்துப்பூர்வமான அனுமதி யார் பெயரில் இருக்கிறது? அனுமதி இல்லாமல் நிலத்தை மட்டும் வளைத்துப் போட்டு, பிறகு அந்தக் காகிதத்தை இன்னொரு கம்பெனிக்கு விற்பவர்கள் உண்டு. அதுவரை உங்கள் தோப்பு சும்மா முடங்கிக் கிடக்கும். 2019-ல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் முதல் பகுதியில், 500 கிலோவாட்டிலிருந்து 2 மெகாவாட் வரை விவசாயி தானாகவோ குழுவாகவோ கிராமத்து சப்ஸ்டேஷன் அருகே நிலையம் வைத்து விற்கலாம், நிலத்தைக் குத்தகைக்கும் விடலாம். ஆனால் காய்க்கிற முந்திரியை வெட்டித்தான் செய்ய வேண்டும் என்றால் எனக்கு மனசு வரவில்லை. தானேவில் விழுந்த தோப்புகள் திரும்பக் காய்ப்புக்கு வர எத்தனை வருடம் ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியாததா? தரிசு இருந்தால் அதைக் காட்டுங்கள். குத்தகைப் பத்திரத்தில் இரண்டு வரி அவசியம்: குறிப்பிட்ட தேதிக்குள் இணைப்பு வராவிட்டால் ஒப்பந்தம் தானாக ரத்து, முடியும்போது அஸ்திவாரக் கான்கிரீட்டைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போவது அவர்கள் செலவு.

கே: பேனல் பொருத்தி இரண்டு மாதம். மீட்டர் ஸ்டாக் இல்லை என்கிறார்கள். யாரிடம் போவது?
(குறிஞ்சிப்பாடி)

ப: மீட்டர் ஸ்டாக் இல்லை என்பது உங்கள் பிரச்சினை இல்லை, 15 நாள் கெடு அதற்காக நிற்காது. முதலில் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். நகரவில்லை என்றால் மின்சாரச் சட்டம் 42(5) பிரிவின்படி அமைந்த மின் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது, கடலூர் மின் பகிர்மான வட்டத்துக்கான மன்றத்துக்கு எழுதுங்கள். அங்கேயும் திருப்தி இல்லை என்றால் 42(6)-ன்படி சென்னையில் மின்குறை தீர்ப்பாளர். வக்கீல் வேண்டாம். புதுச்சேரிக்காரர்களுக்கும் இதே போல மன்றம் அங்கே உண்டு, அதற்கு மேல் இணை ஆணையத்தின் தீர்ப்பாளர்.

மனுவில் ஆத்திரம் வேண்டாம், தேதி வேண்டும். சர்வீஸ் நம்பர், விண்ணப்ப எண், எத்தனை கிலோவாட், பொருத்திய சான்று கொடுத்த தேதி, 2020 விதிகளும் 2024 திருத்தமும் சொல்லும் கெடு, இன்றைக்கு எத்தனை நாள் தாண்டிவிட்டது, என்ன கேட்கிறீர்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். கான்ட்ராக்டர் “நானே எழுதித் தரேன் சார்” என்பார். அவர் எழுதட்டும், சான்று கொடுத்த தேதியை மட்டும் நீங்கள் சரிபாருங்கள். தாமதம் அவர் பக்கமாக இருந்தால் அந்தத் தேதியில்தான் தெரியும்.